பல்வலி மாத்திரைக்குப் பின் வந்த அரிப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

"பிள்ளைக்கு வெள்ளப்படுது டாக்டரம்மா. சூட்டு உடம்பு. ராத்திரி தூங்க மாட்டேங்கா."

அம்மா சொல்லி முடிக்கும் வரை மகள் தலையைத் தூக்கவில்லை. நாற்காலி நுனியில், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூலம் உள்ளவர்களும் தையல் போட்டவர்களும் கீழே வெந்துபோனவர்களும் அப்படித்தான் உட்காருவார்கள்.

வயது 23. முக்கூடல் பக்கம் ஒரு ஊர். அம்மாவும் மகளும் வீட்டிலேயே பீடி சுற்றுகிறவர்கள். மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பெண்ணின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயையும் மருந்தையும் மாற்றவில்லை.

நோய் சின்னது. யோனியில் முதல் முறையாக வரும் பூஞ்சைத் தொற்று பெரும்பாலும் ஒரே மாத்திரையில் தீர்ந்துவிடும். நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருகிற சங்கதி இது. ஆனால் இந்தப் பெண் என்னிடம் வருவதற்குள் 24 நாள் பட்டுவிட்டாள். அந்த 24 நாளில் நோயின் பங்கு கொஞ்சம்தான். 'வெள்ளைப்படுதல்' என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடி வைத்ததுதான் மிச்சம். அதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அந்த 24 நாள்

அம்மா பக்கத்தில் இருக்கும்போது மகளிடம் கேட்டால் பதில் அம்மாவிடமிருந்துதான் வரும். அதனால், "உங்களுக்கும் பிரஷர் பார்த்துருவோம்மா" என்று சொல்லி நர்ஸோடு வெளியே அனுப்பினேன். கதவைச் சாத்திய பிறகும் அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "கீழ அரிக்கி டாக்டர். மூத்திரம் பட்டா காந்துது" என்றாள்.

மூத்திரம் போகும்போது உள்ளே கடுக்கிறதா, போன பிறகு வெளியே தோலில் படும்போது காந்துகிறதா என்று கேட்டேன். வெளியேதான். அடிக்கடி போக வேண்டியிருக்கிறதா? இல்லை. காய்ச்சல், அடிவயிற்று வலி? இல்லை. இந்த ஒரு கேள்வியிலேயே சிறுநீர்த் தொற்று பாதி தள்ளிப்போய்விடும். சிறுநீர்த் தொற்றின் எரிச்சல் உள்ளிருந்து வரும், கூடவே அடிக்கடி முட்டும். வெளித்தோல் புண்ணாகி இருந்தால் மூத்திரம் அதன் மேல் படும்போதுதான் உயிர் போகும்.

வெள்ளை எப்படி இருக்கிறது?

"தயிர் திரிஞ்ச மாதிரி. கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கும்."

வாடை?

கொஞ்சம் யோசித்தாள். "வாடைன்னு ஒண்ணும் இல்ல."

இந்த இரண்டு பதிலும் பாதி நோயைச் சொல்லிவிட்டன. அடுத்த கேள்வி, இது தொடங்குவதற்கு முன்னால் ஏதாவது மாத்திரை சாப்பிட்டாளா என்பது. உடனே "இல்ல" என்றாள். நான் விடவில்லை. காய்ச்சல், சளி, காது, பல், எதற்காவது? "பல்லு வலிக்குத்தான் சாப்பிட்டேன், அதுவா?" என்றாள். பல்லுக்குச் சாப்பிட்டதைக் கீழே வந்த அரிப்போடு சேர்த்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்? பையில் மடித்து வைத்திருந்த பல் டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினாள். அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை, அதோடு மெட்ரோனிடசோல், ஐந்து நாள். கடவாய்ப் பல்லில் சீழ் வைத்திருந்தது, கொடுத்தது சரியான மருந்துதான். மாத்திரை முடிந்த மறுநாள் அரிப்பு தொடங்கியிருக்கிறது.

முதல் வாரம் முழுக்கச் சூட்டுக்கு வைத்தியம் நடந்தது. பங்குனி வெயில், அதோடு நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து செய்கிற வேலை. சூடு என்று நினைத்ததில் தப்பு இல்லை. வெந்தயத்தை மோரில் ஊறப்போட்டுக் குடிக்க வைத்தார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள், இளநீரும் நுங்கும் வாங்கிக் கொடுத்தார்கள். இவற்றால் கெடுதல் இல்லை. நோயும் போகவில்லை.

இரண்டாவது வாரம் கழுவுதல். பக்கத்து வீட்டு மயினி சொன்னபடி மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர், ஒரு நாளைக்கு மூன்று தடவை. அது போதவில்லை என்று புண் கழுவுகிற கிருமிநாசினியை ஒரு மூடி அதில் ஊற்றியிருக்கிறாள். ஏற்கெனவே வெடித்திருந்த தோலில் அதை ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு ராத்திரி ஈரத் துண்டை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தே விடிய விடிய உட்கார்ந்திருந்தாளாம். அப்போதுதான் செல்போனில் 'வெள்ளைப்படுதல்' என்று தேடியிருக்கிறாள். புற்றுநோய், எய்ட்ஸ், குழந்தை பிறக்காது என்று வரிசையாக வந்திருக்கிறது. போனை மூடி வைத்துவிட்டு அழுதிருக்கிறாள், அம்மா எழுந்துவிடக் கூடாதே என்று சத்தம் இல்லாமல்.

மூன்றாவது வாரம் களிம்பு. அம்மா மெடிக்கலில் போய் "வெள்ளப்படுது, அரிப்பு" என்று சொன்னதும் ஒரு டியூபை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். போட்ட ரெண்டு நாள் சொர்க்கம், அரிப்பே இல்லை. நாலாம் நாள் இரண்டு மடங்காகத் திரும்பி வந்து, தொடையிடுக்கு வரை சிவந்து படர்ந்துவிட்டது. அந்த டியூபையும் கொண்டுவந்திருந்தாள். பொடி எழுத்தில் நாலு மருந்தின் பெயர், அதில் ஒன்று க்ளோபெட்டசால்.

க்ளோபெட்டசால் தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிகக் கடுமையான வகை. அரிப்பையும் சிவப்பையும் உடனே அமுக்கிவிடும், அதனால்தான் அந்த இரண்டு நாள் சொர்க்கம். ஆனால் அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அமுக்கிவிடுவதால் பூஞ்சைக்குக் கதவைத் திறந்து விட்டது மாதிரி. தொடையிடுக்கு, பிறப்புறுப்பு போன்ற மெல்லிய தோலில் இதைத் தொடர்ந்து போட்டால் தோல் தேய்ந்து தாள் போலாகிவிடும், வரி வரியாகக் கோடு விழும். இந்த வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் படர்தாமரைக்கும் அரிப்புக்கும் இவை சோப்புக் கட்டி போலக் கை மாறிக்கொண்டிருக்கின்றன. தென்காசியிலிருந்து திசையன்விளை வரை எனக்கு வருகிற தோல் நோயாளிகளின் பையில் இந்த டியூபைப் பார்க்காத வாரம் இல்லை. எனக்கு இது பெரிய மனவேதனை.

பார்த்ததும் கண்டதும்

கல்யாணம் ஆகாத பெண்ணை எப்படிப் பரிசோதிப்பது என்று பல இடங்களில் தயங்கி, பார்க்காமலேயே மருந்து எழுதி அனுப்பிவிடுகிறார்கள். வெளியே மட்டும் பார்க்கலாமே. என்ன செய்யப்போகிறேன், எங்கே தொடுவேன், உள்ளே எந்தக் கருவியும் வைக்க மாட்டேன், வேண்டாம் என்றால் எந்த நிமிஷமும் நிறுத்திவிடுவேன் என்று முன்கூட்டியே சொன்னேன். நர்ஸ் பக்கத்தில் நின்றார். அவள் சம்மதித்தாள்.

வெளி இதழ்கள் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. மடிப்புகளில் நகக்கீறல் போல மெல்லிய வெடிப்புகள். வாசலில் வெண்ணெய்க் கட்டி போல வெள்ளை ஒட்டியிருந்தது. தொடையிடுக்கின் சிவப்புக்கு ஓரத்தில் சின்னச் சின்னப் பருக்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தன. தாய்ப் படலத்தைச் சுற்றிக் குஞ்சுகள் மாதிரி. இந்தக் குஞ்சுகளைப் பார்த்தால் காண்டிடா என்ற பூஞ்சையை நினைக்க வேண்டும். படர்தாமரை என்றால் ஓரம் வளையமாகத் தடித்து, நடு தெளிந்து இருக்கும். கொப்புளமோ, நீர் கோத்த புண்ணோ, அரையில் நெறியோ இல்லை.

மெல்லிய பஞ்சுக் குச்சியால் வாசலில் இருந்து மட்டும் கொஞ்சம் எடுத்தேன். அமிலத்தன்மை பார்க்கிற தாளில் தொட்டால் 4-க்குப் பக்கத்து நிறம் காட்டியது. ஆரோக்கியமான பெண்ணுக்கு இருக்க வேண்டிய அளவு அதுதான். பூஞ்சைத் தொற்றில் இந்த அளவு மாறாது, 4.5-க்குக் கீழேயே இருக்கும். மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் நீர்த்து வருகிற பாக்டீரியக் கோளாறிலும், மஞ்சள் பச்சையாக நுரைத்து வருகிற ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்றிலும் அது 4.5-ஐத் தாண்டிப் போகும். ஒரு துண்டுத் தாள் இவ்வளவு சொல்கிறது.

அப்புறம் கண்ணாடித் தகடு. எடுத்ததோடு ஒரு சொட்டு 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால், மற்ற செல்கள் கரைந்து மங்கிவிடும், பூஞ்சை மட்டும் நிற்கும். இந்தத் தகட்டை அவளையே பார்க்கச் சொன்னேன். நோயாளிகளுக்குக் காட்டுவது என் வழக்கம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். கணுக் கணுவாக மூங்கில் போல நீண்ட இழைகள், கணுக்களில் மொட்டு விட்ட சின்ன முட்டைகள். "இதுவா டாக்டர்? இவ்வளவுதானா?" என்றாள். 24 நாள் பயந்த பயத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நாற்காலியில் கொஞ்சம் தளர்ந்து உட்கார்ந்தாள்.

விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 98. சிறுநீரில் தொற்று இல்லை, சர்க்கரையும் இல்லை. கடைசி மாதவிலக்கு 11 நாளுக்கு முன்னால். உறவு பற்றியும் கேட்க வேண்டியிருந்தது; ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லிவிட்டே கேட்டேன். கர்ப்பமாக இருந்தால் மருந்து மாறும், உறவு இருந்தால் வேறு சில பரிசோதனைகளும் பார்க்க வேண்டும், வேறு எதற்கும் இல்லை. "இல்ல" என்றாள். சொன்ன விதத்தில் ஐயப்பட ஒன்றும் இல்லை. ஐயம் இருந்தாலும் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்திருப்பேன், அவ்வளவுதான்.

ஏன் வந்தது

காண்டிடா வெளியிலிருந்து வந்து தாக்குகிற பகையாளி இல்லை. குடலிலும் தோலிலும் யோனியிலும் ஏற்கெனவே குடியிருக்கிற ஒன்று. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களில்கூடப் பத்தில் ஒருவர், இருவருக்கு யோனியில் இது இருக்கும். அதோடு சேர்ந்து வாழ்கிற லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அந்த இடத்தைப் புளிப்பாக வைத்துக்கொள்கிறது, மற்றவற்றைப் பெருக விடுவதில்லை. பல்லுக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் பல்லோடு நிற்காது. உடம்பு முழுக்கப் போகும், நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் குறைக்கும். பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது. காவல் இல்லாத வயலில் மாடு இறங்கின கதைதான். இதில் பெரும்பங்கு காண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற ஒரே இனத்துக்கு. அது வழக்கமான மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும்.

ஆன்டிபயாட்டிக் ஒரு காரணம். கட்டுப்படாத சர்க்கரை, கர்ப்பம், ஸ்டீராய்டு மாத்திரை, எதிர்ப்புச் சக்தி குறைந்த நிலை எல்லாம் மற்றக் காரணங்கள். ஈர உடையும் காற்றுப் புகாத உள்ளாடையும் தனியாக நோயைக் கொண்டுவந்துவிடாது, ஆனால் வந்த நோயை வளர்க்கும். இவளுக்கு அதுவும் இருந்தது. ஆற்றில் குளித்துவிட்டு ஈரப் பாவாடையோடு வீட்டுக்கு நடப்பாள். உள்ளாடையை வெயிலில் காயப்போட வெட்கம். கொடியில் துண்டுக்கு அடியில் மறைத்துப் போட்டு, அரை ஈரமாகவே எடுத்து உடுத்துவாள். இந்தப் பழக்கம் தாமிரபரணிக் கரையில் மட்டும் இல்லை, நான் வேலை பார்த்த எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறேன்.

கொடுத்த மருந்து

சாதாரணமான முதல் தொற்றுக்கு ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒரே மாத்திரை போதும். அல்லது யோனிக்குள் வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரை, 500 மில்லிகிராம் ஒரே இரவு, அல்லது குறைந்த அளவில் சில இரவுகள். இரண்டுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான், பத்தில் எட்டு ஒன்பது பேருக்குக் குணமாகும். இவளுக்கு உள்ளே வைக்கிற மருந்து வேண்டாம் என்று முடிவு செய்தேன். வாசலே புண்ணாக இருந்தது, அவளுக்கும் அதில் விருப்பம் இல்லை. வீக்கமும் வெடிப்பும் அதிகம் இருந்ததால் இதைக் கடுமையான வகையில் சேர்த்து, ஃப்ளூகோனசோல் 150 அன்றைக்கு ஒன்று, 72 மணி நேரம் கழித்து இன்னொன்று என்று எழுதினேன். ஒரு மாத்திரையின் பலன் யோனிச் சுரப்பில் ஏறக்குறைய மூன்று நாள் நிற்கும். அது இறங்கும் நேரத்தில் அடுத்தது.

வெளியே பூச வெறும் க்ளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பு, காலையும் இரவும் ஏழு நாள், பச்சைப் பயறு அளவு எடுத்து மெல்லிசாக. பழைய டியூபை அங்கேயே குப்பைக் கூடையில் போடச் சொன்னேன். அதை நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் சிவப்பு கூடித் தெரியலாம், பயந்துபோய்த் திரும்ப வாங்கக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். அது முன்கூட்டியே தெரியாவிட்டால் எல்லோரும் திரும்ப வாங்கத்தான் செய்வார்கள்.

ஃப்ளூகோனசோலால் சிலருக்குக் குமட்டல், தலைவலி, லேசான வயிற்று வலி வரும். வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாளா என்று கேட்டுத்தான் எழுதினேன். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், சில வகைச் சர்க்கரை மாத்திரைகள், இவற்றோடு இது சேர்ந்தால் அந்த மருந்தின் வேகம் கூடிவிடும்.

மூத்திரம் போகும்போது காந்துவதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஒரு செம்புத் தண்ணீரை முன்பக்கம் மெதுவாக ஊற்றிக்கொண்டே போனால் மூத்திரம் நீர்த்து ஓடிவிடும், புண்ணில் தங்காது. அதற்கு முன்னால் வெளித்தோலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் இன்னும் நல்லது. காந்தலுக்குப் பயந்து அவள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தாள்; மூத்திரம் மஞ்சளாகக் கெட்டிப்பட்டு, அதனாலேயே இன்னும் காந்தியது. செம்புத் தண்ணீர் யோசனையைக் கேட்டதும் அவள் முகத்தில் வந்த நிம்மதி மாத்திரைச் சீட்டைக் கொடுத்தபோதுகூட வரவில்லை.

கழுவ வெறும் தண்ணீர் போதும், வெளியே மட்டும். உள்ளே விரல் விட்டுக் கழுவ வேண்டாம். சோப்பு, மஞ்சள், வேப்பிலை, கிருமிநாசினி, வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம். யோனி தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். தயிர் தடவலாமா, பூண்டு வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தயிரைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுங்கள், பூண்டை ரசத்தில் தட்டிப் போடுங்கள். புண்ணில் வைத்தால் பூண்டு சுட்டுவிடும்.

இன்னொரு விஷயத்தை நானே கவனிக்கவில்லை, அவளாகச் சொன்னாள். பீடி சுற்றிக்கொண்டிருக்கும்போது இடையில் எழுந்து போனால் காந்தல் தாங்க முடியாது, காலையில் எழுந்ததும் போனால் அவ்வளவு இல்லை. அவள் கையைப் பார்த்தேன். நகக் கணுவில் தூள் பழுப்பாக ஏறியிருந்தது. சுளகு மடியில், இலை ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். அந்தக் கையோடு போய்க் கழுவினால் புகையிலை நேராக வெடிப்பில் படும். போய்விட்டு வந்து கை கழுவுகிற பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. பீடி சுற்றுகிறவர்கள் போவதற்கு முன்னாலும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இத்தனை வருஷம் பீடித் தொழிலாளர்களைப் பார்த்த எனக்கு அன்றைக்குத்தான் அது புத்தியில் உறைத்தது. அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

அம்மாவின் கேள்வி

அம்மா உள்ளே வந்ததும் நோயின் பெயரைச் சொன்னேன். பேச்சு நின்றுவிட்டது. மகளை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார். மகளை வெளியே தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இது எப்படி வரும் டாக்டரம்மா?" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பெண்கள் வாரக் கணக்கில் வாயைத் திறப்பதில்லை. அதனால் நான் அவசரப்படவில்லை. "கைக்குழந்தைக்கு நாக்குல பாலாடை மாதிரி வெள்ளையாப் படிஞ்சு, துடைச்சாலும் போகாம இருக்குமே, பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இவளுக்கே இருந்துச்சு. மூணு மாசத்துல."

"அதே பூஞ்சைதாம்மா இது. அப்ப வாயில வந்துச்சு, இப்ப கீழ வந்திருக்கு. அப்ப அவ என்ன தப்பு பண்ணினா?"

அவர் கண் கலங்கிவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "நான் மனசுக்குள்ள என்னெல்லாமோ நினைச்சுட்டேன்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மகள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது அம்மா அவள் தலையை ஒரு தடவை தடவினார்.

இது பால்வினை நோய்ப் பட்டியலில் இல்லை. உறவே இல்லாத பெண்ணுக்கும் வரும், கல்யாணமானவருக்கும் வரும். கணவருக்குத் தொந்தரவு இல்லாவிட்டால் அவருக்கு மருந்து தேவையில்லை. அவருக்கு ஆணுறுப்பின் நுனியில் சிவப்போ அரிப்போ இருந்தால் மட்டும் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா என்று அம்மா கேட்டார். ஜலதோஷம் வந்ததைச் சொல்லி அனுப்புவோமா என்று திருப்பிக் கேட்டேன்.

நானும் ஒரு காலத்தில் 'வெள்ளைப்படுது' என்று யார் வந்தாலும் ஒரே சீட்டுத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பரிசோதனைக்கூடம் இல்லாத இடத்தில் அறிகுறியை வைத்து மருந்து கொடுக்கும் முறை அரசுத் திட்டத்திலேயே உண்டு. வெள்ளைப்படுதலுக்குப் பச்சை நிறப் பெட்டி. அதில் செக்னிடசோலும் ஃப்ளூகோனசோலும் இருக்கும். பல நோயாளிகளை அது காப்பாற்றுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மைக்ராஸ்கோப் மேஜையிலேயே இருக்கும்போது நான் அதைத் தொடாமல் எழுதினேன், அது என் தப்பு. இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் முட்டை வெள்ளைக் கரு போலக் கசிவது நோயே இல்லை. அதற்கும் மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு சொல்லைக் கேட்டதும் கை தானாக எழுதிவிடுகிறது. நிறம், வாடை, அரிப்பு என்று மூன்று கேள்வி கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அடுத்தடுத்து

நாலாம் நாள் போன் செய்தாள். அரிப்பு பாதி குறைந்திருக்கிறது, செம்புத் தண்ணீரால் காந்தல் இல்லை, சிவப்பு மட்டும் கூடின மாதிரி இருக்கிறது, நீங்க சொன்னீங்களே அதுதானே என்றாள். அதுதான். இரண்டாவது மாத்திரையை அன்றைக்குப் போட்டாள்.

பத்தாம் நாள் நேரில் வந்தாள். நேராக உட்கார்ந்தாள். வீக்கம் இல்லை, வெடிப்பு மூடியிருந்தது, தொடையிடுக்கில் பழுப்புத் தழும்பு மட்டும் மிச்சம். நோய் நடுவில் இருந்த வாரங்களில் ஒரு நாளைக்கு முந்நூறு பீடிக்கு மேல் உட்கார முடியவில்லையாம், இப்போது பழையபடி எழுநூறைத் தாண்டிவிட்டது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற வீட்டில் அந்த நானூறு பெரிய தொகை. உள்ளாடையைக் கொல்லைப்பக்கம் தனிக் கொடி கட்டி வெயிலில் போடுகிறார்களாம். கொடி கட்டியது அம்மா.

மறுபடி வந்தால் என்ன செய்வது என்று அன்றைக்குப் பேசினோம். ஒரு தடவை இப்படி வந்து, மறுபடியும் அச்சு அசலாக அதே மாதிரி இருந்தால் போனில் கேட்டுவிட்டு மருந்து எடுக்கலாம். வாடை வந்தால், நிறம் மாறினால், காய்ச்சலோ அடிவயிற்று வலியோ சேர்ந்தால், புண்ணோ கொப்புளமோ தெரிந்தால் நேரில்தான். ஒரு வருஷத்தில் மூன்று தடவை வந்தால் அது வேறு கணக்கு. எந்த இனம் என்று வளர்த்துப் பார்க்க வேண்டும், சர்க்கரை பார்க்க வேண்டும், ஆல்பிகன்ஸ்தான் என்றால் முதலில் மூன்று நாளைக்கு ஒன்றாக மூன்று மாத்திரை, அப்புறம் வாரம் ஒன்றாக ஆறு மாதம். எல்லாவற்றையும்விட அழுத்திச் சொன்னது ஒன்று: கல்யாணத்துக்குப் பிறகு நாள் தள்ளிப்போயிருந்தால் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. கர்ப்பத்தில் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வரும், அப்போது உள்ளே வைக்கும் மருந்து மட்டும்தான்.

கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று தயங்கினார். வீட்டில் ஆச்சிக்கும் இதே அரிப்பு இருக்கிறதாம், நாலைந்து மாதமாக. பேத்திக்குச் சரியானதைப் பார்த்துவிட்டு நேற்றுத்தான் சொன்னார்களாம். மீதி மாத்திரை இருந்தால் ஒன்று கொடுக்கட்டுமா?

ஆச்சிக்குச் சர்க்கரை, பத்து வருஷமாக மாத்திரை. அந்த மாத்திரையில் கிளிமிப்பிரைடு இருந்தால் ஃப்ளூகோனசோலோடு சேர்ந்து சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். வேண்டவே வேண்டாம், ஆச்சியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். வந்தார். மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) 10.2, கட்டுப்பாட்டிலேயே இல்லை. அதோடு ஆறு மாதத்துக்கு முன்னால் புதிதாக டாப்பாகிளிஃப்ளோசின் சேர்த்திருக்கிறார்கள். அது சர்க்கரையை மூத்திரத்தின் வழியாக வெளியேற்றுகிற மருந்து, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. ஆனால் இனிப்பான மூத்திரம் பட்டுப் பட்டுப் பிறப்புறுப்பில் பூஞ்சை வருவது அதன் தெரிந்த பக்கவிளைவு. மாத்திரையைத் தொடங்கும்போது இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆச்சி நாலு மாதம் கோரைப்பாயில் புரண்டிருக்க மாட்டார். க்ளோட்ரிமசோல் கொடுத்து, சர்க்கரை மருத்துவரைப் பார்க்கச் சீட்டு எழுதினேன். "எழுபது வயசுல இத யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?" என்றார் ஆச்சி.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம் அவளிடமிருந்து போன். கணவர் வீட்டிலிருந்து, மாடிப்படியில் நின்று பேசினாள் போலிருக்கிறது, குரல் எதிரொலித்தது. ஆனால் தயக்கம் இல்லை.

"டாக்டர், மூணு நாளா யோனியில அரிப்பு. தயிர் மாதிரிதான் வருது, வாடை இல்ல, காய்ச்சல் வயித்துவலி எதுவும் இல்ல. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிட்டு வாரேன்னு இவிய சொன்னாவ. நான் வேண்டாம்னுட்டேன். நாள் தள்ளிப்போயிருக்கு, பதினோரு நாளாச்சு."

மறுநாள் இருவருமாக வந்தார்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடு. க்ளோட்ரிமசோல் 100 மில்லிகிராம், ஏழு இரவு, அழுத்தாமல் விரலாலேயே வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.